போடோனி இட்டாலிக்: சின்ன எழுத்தில் மெல்லிய கோடு அறுந்து விழுகிறது

அச்சுமை:
கல்யாணப் பத்திரிகை. 300 ஜிஎஸ்எம் ஆர்ட் அட்டை, நாலு கலர் ஆஃப்செட். மணமக்கள் பெயர் ஆங்கிலத்தில், போடோனி மோடா என்ற ஃபாண்ட்டின் இட்டாலிக் (சாய்வெழுத்து), 30 பாயிண்ட். இடமும் நேரமும் அதே எழுத்தில் 9 பாயிண்ட். எல்லாமே மெரூன் பின்னணியில் வெள்ளை (சயான் 30, மெஜந்தா 100, மஞ்சள் 80, கருப்பு 40). பிடிஎஃபில் கச்சிதமாக இருக்கிறது. புரூஃபில் (மாதிரி அச்சில்) பெயர் பரவாயில்லை. சின்ன வரிகளில் ‘என்’ (n), ‘யூ’ (u) எழுத்துகளின் இணைப்புக் கோடு அறுந்து, வெறும் தூண்களாக நிற்கின்றன. ஃபைல் கோரல் டிரா மென்பொருளில். என்ன செய்யலாம்?

ஈயஎழுத்து:
பிளேட் (அச்சுத் தகடு) போட்டவரைத் திட்ட வேண்டாம். பார்மாவில் எழுத்து வெட்டிய போடோனியும் பாரிஸில் ஃபிர்மான் டிடோவும் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் தடித்த கோட்டுக்கும் மெல்லிய கோட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை எல்லைவரை இழுத்துவிட்டார்கள். ஆனால் ஈய அச்சில் ஒவ்வொரு அளவுக்கும் எழுத்தைத் தனியாக வெட்டுவார்கள். சின்ன அளவில் மெல்லிய கோட்டுக்குக் கொஞ்சம் சதை கூடும். கணினியில் பெரிய எழுத்தையே சுருக்கினால் கோடும் கூடவே சுருங்கும்.

கணக்குப் பாருங்கள். மெல்லிய கோடு எழுத்தளவில் ஐம்பதில் ஒரு பங்கு என்றால், 30 பாயிண்ட்டில் 0.6 பாயிண்ட், 9 பாயிண்ட்டில் வெறும் 0.18. கருப்புக் கோட்டுக்கு 0.25 போதும். வெள்ளையாக விடும் கோடு 0.5-க்குக் கீழே போகக் கூடாது, ஏனென்றால் சுற்றியுள்ள மை உள்ளே பரவும். உங்கள் மெரூனில் நாலு பிளேட் வேறு. ரிஜிஸ்டர், அதாவது பிளேட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவது, 0.06 மில்லிமீட்டர் நகர்ந்தாலே மெஜந்தா வந்து கோட்டை மூடிவிடும்.

போடோனி மோடாவில் ஆப்டிகல் சைஸ் (அளவுக்கு ஏற்றபடி மாறும் வடிவம்) 6 முதல் 96 பாயிண்ட் வரை இருக்கிறது. பழைய கோரல் வேரியபிள் ஃபாண்ட்டை (எல்லா வடிவமும் ஒரே ஃபைலில் இருப்பது) கண்டுகொள்ளாது. பாயிண்ட் எண்ணோடு தனித்தனியாக வரும் ஸ்டாட்டிக் ஃபைல்களைப் போடுங்கள். பெயருக்குப் பெரிய எண், சின்ன வரிக்கு இருப்பதிலேயே சிறிய எண், மீடியம் எடை. அளவையும் 11 ஆக்குங்கள். பிறகு ஒரு வரியின் நகலைக் கர்வ் ஆக்கி (எழுத்தை வெறும் வரைவடிவமாக மாற்றி), மிக மெல்லிய இடத்தை அளந்து, 0.5-க்கு எவ்வளவு குறைகிறதோ அந்தத் தடிமனில் எழுத்தைச் சுற்றி வெள்ளை அவுட்லைன் கொடுங்கள். மூலை ரவுண்ட், ‘ஸ்கேல் வித் ஆப்ஜெக்ட்’ டிக். ‘ஹேர்லைன்’ என்ற தேர்வை மட்டும் தொடாதீர்கள். பட்ஜெட் இருந்தால் மெரூனை ஒரே ஸ்பாட் கலராக (முன்பே கலந்த ஒரே மையாக) அடிக்கச் சொல்லுங்கள். ரிஜிஸ்டர் தொல்லையே இல்லை.

என்னைக் கேட்டால், 9 பாயிண்ட் வெள்ளை வரிக்கு இந்த எழுத்தே வேண்டாம்.

வளைகோடு:
இட்டாலிக் ஃபைலை நிஜமாகவே நிறுவியிருக்கிறீர்களா? சின்ன ‘ஏ’யைப் (a) பாருங்கள். தலையில் கொக்கி இல்லாமல் ஒற்றை வயிறாக இருந்தால் அசல். கொக்கியோடு சாய்ந்திருந்தால் மென்பொருள் நேரெழுத்தைத் தள்ளிச் சாய்த்திருக்கிறது. அதில் தடிப்பும் கோணும். பக்கத்தில் வரும் தமிழ் வரியையும் சாய்க்காதீர்கள், பார்க்கச் சகிக்காது.

அச்சுமை:
நன்றி அண்ணா. அசல் இட்டாலிக்தான். சின்ன வரியை வேறு எழுத்துக்கு மாற்றிவிடுகிறேன். பெயரைத் தங்க ஃபாயிலில் கேட்கிறார்கள். 30 பாயிண்ட் தாங்குமா?

ஈயஎழுத்து:
இழுபறிதான். 0.6 பாயிண்ட் என்றால் 0.21 மில்லிமீட்டர், ஃபாயிலைச் சூட்டோடு அழுத்தும் டைக்கு 0.25-க்கு மேல் இருப்பது நல்லது. 0.2 பாயிண்ட் அவுட்லைன் கொடுத்தால் 0.28 வந்துவிடும். சின்ன ‘ஈ’யின் (e) கண், அதாவது உள்ளே இருக்கும் துளை, அடைபடுகிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள், சூடு பட்டால் ஃபாயில் முதலில் நிரப்புவது அங்கேதான். டைக்குத் தனிப் பக்கம், கருப்பு 100 மட்டும், அவுட்லைனையும் சேர்த்துக் கர்வ் ஆக்கி அனுப்புங்கள். பெயர் எழுத்துப்பிழை திருத்த, கர்வ் ஆக்காத நகல் ஒன்று உங்களிடம் இருக்கட்டும்.