திரையில் செந்தூரா, தாளில் செங்கல்: நிற மாற்றத்தில் எங்கே தவறினேன்?

கேட்டவர் (போச்சம்பள்ளி, டிடிபி கடை)

சந்தூரில் மாங்கன்று விற்கும் பண்ணைக்காரர் ஒருவருக்கு 32 பக்க விலைப்பட்டியல் செய்கிறேன். எழுத்தை வேர்டில் அடித்து, படங்களையும் அதிலேயே ஒட்டி, பிடிஎஃப் எடுத்தேன். அச்சகத்தில் "ஆர்ஜிபி வேண்டாம், சிஎம்ஒய்கேயில் கொடுங்கள்" என்றார்கள். அதாவது திரையின் சிவப்பு, பச்சை, நீல ஒளிக் கணக்கு வேண்டாம்; சயான், மெஜந்தா, மஞ்சள், கருப்பு என்ற நான்கு அச்சு மைக் கணக்கு வேண்டும். வேர்டில் அதற்கு வழியில்லை. பிடிஎஃப்பை ஃபோட்டோஷாப்பில் திறந்து, பக்கம் பக்கமாக மாற்றி அனுப்பினேன்.

மேப்லித்தோ என்ற பூச்சில்லாத தாளில் முதல் ஃபாரம் (ஒரே தாளில் சேர்த்து அச்சாகும் எட்டுப் பக்கம்) ஓட்டி அனுப்பியிருக்கிறார்கள். செந்தூரா மாம்பழம் செங்கல் நிறத்தில் இருக்கிறது. தலைப்புப் பட்டையின் நீலம் கத்தரிப்பூவாகிவிட்டது. விலை அட்டவணையில் 9 புள்ளி எழுத்து. 'ண'வின் சுழியெல்லாம் அடைத்துக்கொண்டு, ஓரத்தில் சிவப்பும் நீலமும் நிழலாகத் தெரிகின்றன. "இந்தப் பழத்தைப் பார்த்து எவன் கன்று வாங்குவான்?" என்கிறார் பண்ணைக்காரர். மீதி மூன்று ஃபாரத்தை நிறுத்திவைத்திருக்கிறேன். யாராவது வழி சொல்லுங்கள்.

பதில் (பாலக்கோடு)

எனக்கும் ஒருமுறை இப்படி ஆனது. ஃபோட்டோஷாப்பில் நிறச் செறிவை இருபது, இருபத்தைந்து ஏற்றி மறுபடியும் அனுப்புங்கள். சிவப்பு வந்துவிடும்.

பதில் (தருமபுரி, ஆப்செட் மெஷினில் இருந்து ஓய்வு பெற்றவர்)

அவசரப்பட வேண்டாம் தம்பி. செறிவை ஏற்றினால் ஏற்கெனவே மை நிரம்பிய இடத்தில் இன்னும் மை ஏறும். எழுத்துக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. முதலில் மூன்று விவரம் சொல்லுங்கள். மாற்றிய கோப்பில் ஒரு கருப்பு எழுத்தின் மேல் சுட்டியை வைத்து, தகவல் பெட்டியில் வரும் நான்கு எண்களையும் எழுதுங்கள். நீலப் பட்டையின் எண்களும் வேண்டும். கேமராவில் எடுத்த மூலப் படங்கள் இன்னும் இருக்கின்றனவா, அல்லது வாட்ஸ்அப்பில் வந்தவை மட்டும்தானா?

கேட்டவர்

எழுத்து: சயான் 75, மெஜந்தா 68, மஞ்சள் 67, கருப்பு 90. பட்டை: 88, 77, 0, 0. மூலப் படங்கள் பண்ணைக்காரர் மகனின் கேமரா அட்டையில் பத்திரமாக இருக்கின்றன ஐயா.

பதில் (தருமபுரி, ஓய்வு பெற்றவர்)

அந்த 75, 68, 67, 90ஐ எத்தனையோ கோப்பில் பார்த்துச் சலித்துவிட்டேன். ஃபோட்டோஷாப்பின் நிற அமைப்பை வந்தபடியே விட்டிருக்கிறீர்கள் என்பதற்கு அதுவே சாட்சி. அதன் வட அமெரிக்க அமைப்பில் இருப்பது 'ஸ்வாப்' என்ற சுயவிவரம், அதாவது எந்த அச்சு முறையில், எந்தத் தாளில், எந்த நிறத்துக்கு எவ்வளவு மை என்ற கணக்கு. அமெரிக்க வெப் ஆப்செட்டுக்காக, அதுவும் பூச்சுத் தாளுக்காக ஆனது. அங்கே 'வெப்' என்றால் இணையம் அல்ல, உருளைத் தாள். மேப்லித்தோ மையை உறிஞ்சும் தாள். அதற்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

எண்களைக் கூட்டிப் பாருங்கள், 300 வருகிறது. ஒரு சின்ன 'ண'வுக்கு, மைக்கு ஒன்றாக உள்ள நான்கு பிளேட்டும் மை கொட்டுகின்றன. தாள் மெஷினில் ஈரம் பட்டதும் சற்று நீளும். ரெஜிஸ்டர், அதாவது நான்கு நிறமும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவது, முடியளவு விலகினால் போதும், சுழி மூடிவிடும். பழத்துக்கு நான்கு நிறம் வேண்டும், எழுத்துக்குக் கருப்பு ஒன்றே போதும்: 0, 0, 0, 100. நீங்கள் பக்கத்தை ஃபோட்டோஷாப்பில் திறந்த நொடியே எழுத்தும் படமாகிவிட்டது. பிறகு மாற்றம் இரண்டையும் ஒன்றாகத்தான் பிசையும். சோறையும் குழம்பையும் பிசைந்தபின் பிரிக்க முடியுமா?

ஆகவே அந்தக் கோப்பைத் திருத்த முயல வேண்டாம். சிஎம்ஒய்கேயில் இழந்த நிறம் திரும்ப ஆர்ஜிபிக்கு மாற்றினாலும் வராது. மூலப் படங்களிலிருந்து தொடங்குங்கள்.

பதில் (தருமபுரி, பக்க வடிவமைப்பாளர்)

ஐயா சொன்னதைச் செய்யும் வழி இது தம்பி. பக்கம் அமைக்கும் மென்பொருளான இன்டிசைன் இருந்தால் அதில் அமையுங்கள், இல்லையென்றால் இலவசமாகக் கிடைக்கும் ஸ்கிரைபஸ். இன்டிசைனில் யூனிகோடு தமிழ் உடைந்தால் பத்தி அமைப்பில் 'வேர்ல்டு ரெடி' கம்போசரைத் தேர்ந்தெடுங்கள். வேர்டு கோப்பை உள்ளே கொண்டுவரும்போது நிறப்பட்டியலில் 'வேர்ட்_ஆர்0_ஜி0_பி0' என்று ஒன்று வந்து உட்காரலாம். பார்வைக்குக் கருப்பு, உள்ளே ஆர்ஜிபி. அதை நீக்கிவிட்டு, பதிலுக்கு இன்டிசைனின் சொந்தக் கருப்பைக் கொடுங்கள். இதைக் கவனிக்காமல் நான் ஒரு விழா மலரையே கெடுத்திருக்கிறேன்.

படங்களை ஆர்ஜிபியாகவே வையுங்கள். மாற்றம் கடைசியில், ஒரே ஒருமுறை, பிடிஎஃப் எடுக்கும்போது நடக்கட்டும். எந்தச் சுயவிவரம் என்று அச்சகத்தைக் கேளுங்கள். அவர்களிடம் இல்லையென்றால் ஐரோப்பிய நிற அமைப்பான ஈசிஐயின் தளத்தில் இலவசமாக இருக்கிறது: பூச்சில்லாத தாளுக்கு 'பிஎஸ்ஓ அன்கோட்டட் வி3', பூச்சுள்ள ஆர்ட் தாளுக்கு 'பிஎஸ்ஓ கோட்டட் வி3'. வெளியீட்டில் 'எண்களைக் காப்பாற்றி மாற்று' என்ற தேர்வு முக்கியம். நீங்கள் கொடுத்த 0, 0, 0, 100 கலையாமல் இருப்பது அதனால்தான். அச்சுக்கென்றே உள்ள பிடிஎஃப் வகையான பிடிஎஃப்/எக்ஸ்-1ஏ என்று எடுத்தால் ஆர்ஜிபி உள்ளே நுழையவே முடியாது.

கேட்டவர்

நன்றி அக்கா. எழுத்து புரிந்துவிட்டது. பட்டையின் நீலமும் செந்தூராவும் சரியான சுயவிவரம் போட்டால் திரையில் உள்ளபடி வருமா?

பதில் (தருமபுரி, ஓய்வு பெற்றவர்)

வராது. திரை வெளிச்சத்தால் காட்டுகிறது, தாள் மையால் காட்டுகிறது. உங்கள் பட்டை ஆர்ஜிபியில் 0, 0, 255. அந்த நீலம் நான்கு மைக்கும் எட்டாது. 88க்கு 77 என்று மெஜந்தா நெருங்கினால் கத்தரிப்பூதான். சயானுக்கும் மெஜந்தாவுக்கும் குறைந்தது 30 இடைவெளி விடுங்கள். 100, 60, 0, 0 என்று கையால் எண் கொடுத்தால் நீலம் நீலமாக நிற்கும்.

பழத்தின் சிவப்பில் சயான் எவ்வளவு என்று பாருங்கள். சிவப்பையும் மஞ்சளையும் அழுக்காக்குவது அதுதான். ஆனால் அதைக் குறைத்தாலும் மேப்லித்தோவில் சிவப்பு ஓரளவுக்கு மங்கத்தான் செய்யும். பண்ணைக்காரருக்குப் பழம் பளிச்சென்று வேண்டுமென்றால் படப் பக்கங்களுக்கு ஆர்ட் தாள் போடச் சொல்லுங்கள். காசு அவருடையது, முடிவும் அவருடையது.

கேட்டவர் (ஒன்பது நாள் கழித்து)

வேலை முடிந்தது. ரகப் படங்களை எல்லாம் எட்டுப் பக்கத்தில் திரட்டி ஒரு ஃபாரமாக்கி, ஆர்ட் தாளில் ஓட்டினோம். விலை அட்டவணை மேப்லித்தோவிலேயே. பண்ணைக்காரர் இரண்டு நாள் முனகிவிட்டு ஒப்புக்கொண்டார். இரண்டு தாளுக்கும் தனித்தனிச் சுயவிவரத்தில் தனித்தனிப் பிடிஎஃப் கொடுத்தேன்.

அனுப்புவதற்கு முன் அக்ரோபேட்டின் அச்சு முன்னோட்டத்தில் கருப்பு பிளேட்டை மட்டும் அணைத்துப் பார்த்தேன். எழுத்தெல்லாம் மறைந்தது, 27ஆம் பக்கத்தில் ஒரு வரி மட்டும் மறையாமல் நின்றது. கடைசி நேரத்தில் வேர்டிலிருந்து வெட்டி ஒட்டிய தொலைபேசி எண் வரி. திருத்திய பிறகுதான் அனுப்பினேன்.

செந்தூரா நன்றாகச் சிவந்திருக்கிறது. இமாம்பசந்து ரகம் மட்டும் பச்சையாகத் தெரிந்ததால் அதையும் சற்று மஞ்சளாக்கலாமா என்று பண்ணைக்காரரைக் கேட்டேன். "அது பழுத்தாலும் அப்படித்தான், கை வைக்காதே" என்றார்.