மனித உரிமை வக்கீல் அமைச்சரானால்? பதேந்தேர் பற்றி ஒரு சந்தேகம்

முதல் வருட மாணவன்:
சட்டக் கல்லூரியில் முதல் வருடம். பதவிக்கு வந்தால் எந்த மனித உரிமை வக்கீலும் மாறித்தான் போவார் என்று வகுப்பில் அடித்துப் பேசினேன். பிரான்சின் ரொபேர் பதேந்தேரைப் படித்துவிட்டு வந்து பேசு என்று சார் உட்கார வைத்துவிட்டார். மரண தண்டனையை ஒழித்தவர் என்பது வரை தெரியும். ஆனால் அது ஜனாதிபதி மித்தரானின் முடிவுதானே, இவருக்கு அதில் என்ன பங்கு?

புதுவைவாசி:
பாதி சரி தம்பி. 1981 தேர்தலுக்கு முன்பே மித்தரான் டிவியில் சொல்லிவிட்டார். முதலில் நீதி அமைச்சர் ஆனதும் இவர் இல்லை. மொரீஸ் ஃபோர் என்பவர் ஒரு மாதம் இருந்துவிட்டு விலக, ஜூன் 23-ல்தான் இவர் வந்தார்.

ஆனால் இவர் கதை த்ருவா நகரக் கோர்ட்டில் ஆரம்பிக்கிறது. 1971-ல் க்லேர்வோ சிறையில் இரண்டு கைதிகள் ஒரு நர்ஸையும் ஒரு காவலரையும் பிணையாகப் பிடித்தார்கள், பிணையாளிகள் இருவரும் கொல்லப்பட்டார்கள். அந்தக் கைதிகளில் போந்தம் என்பவருக்கு வாதாடியவர் இவர். போந்தம் கொல்லவில்லை என்று ஜூரியே ஒப்புக்கொண்டது, ஆனாலும் உடந்தை என்று மரண தண்டனை. கருணை மனுவும் போயிற்று. 1972 நவம்பர் 28 விடியற்காலை பாரிஸ் லா சாந்தே சிறை முற்றத்தில் தலை வெட்டும் இயந்திரமான கில்லட்டின் இறங்கியபோது வக்கீலும் அங்கேதான் இருந்தார்.

1977-ல் அதே த்ருவா. ஏழு வயதுப் பையனைக் கடத்திக் கொன்ற பத்ரிக் ஆன்ரி வழக்கு. குற்றத்தில் சந்தேகமே கிடையாது, நாடே தலையைக் கேட்டது. இவர் குற்றத்தை விட்டுவிட்டுத் தண்டனையைக் கூண்டில் ஏற்றினார். உயிருள்ள மனிதனை இரண்டாக வெட்டுவது என்றால் என்ன என்று ஜூரிக்கு முன்னால் விவரித்தார். ஆயுள் தண்டனையோடு முடிந்தது.

கருப்பு அங்கி:
நான் வக்கீல்தான், எனக்கு அமைச்சரானதும் இவர் காட்டிய வேகம்தான் பிடிக்கும். கருத்துக்கணிப்பில் பெரும்பான்மை மரண தண்டனை வேண்டும் என்கிறது, இவரோ 1981 செப்டம்பர் 17-ல் ஒழிப்பு மசோதாவோடு நாடாளுமன்றத்தில் நிற்கிறார். 363 ஓட்டுக்கு 117 எதிர்ப்பு. செனட்டில் தோற்கும் என்று பலர் நினைத்தார்கள், அதுவும் தாண்டி அக்டோபர் 9-ல் சட்டம். பதவியேற்று நாலு மாதம்கூட ஆகவில்லை! அரசுப் பாதுகாப்புக்கென்று இருந்த தனி நீதிமன்றத்தையும் மூடினார், பிரான்ஸ்காரர் யாரும் ஸ்ட்ராஸ்பூர்க்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போக வழி திறந்தார். 1983-ல் போலீஸ்காரர்களே அமைச்சக வாசலில் திரண்டு ராஜினாமா கேட்டார்கள்.

ஒத்துக்கொள்ளாதவன்:
சரி சரி, மாலை போட்டது போதும். 1981 பொது மன்னிப்பில் குறைந்த சிறைக் கூட்டம் இவர் 1986-ல் இறங்கும்போது மறுபடி ஏறியிருந்தது. பார்வையாளர் அறையில் கண்ணாடித் தடுப்பை எடுத்தார், கைதிகளுக்கு டிவி கொடுத்தார், நல்லதுதான், ஆனால் உள்ளே நெரிசல் நெரிசல்தான். அப்புறம் அந்த ஆன்ரி 2001-ல் வெளியே வந்து அடுத்த வருடமே போதைப் பொருளோடு பிடிபட்டான். அதை யாரும் சொல்ல மாட்டீர்களே.

கருப்பு அங்கி:
சொல்லலாமே. தலையை வெட்டாததற்கும் கஞ்சா கடத்தியதற்கும் என்ன சம்பந்தம்? நீங்கள் பார்பி விஷயத்தைப் பாருங்கள். 1943 பிப்ரவரி 9-ல் லியோன் நகரில் இவர் அப்பாவைப் பிடித்துப் போனது அங்கிருந்த நாஜி ரகசியப் போலீஸ் தலைவன் கிளாஸ் பார்பியின் ஆட்கள், அப்பா சோபிபோர் என்ற நாஜி கொலை முகாமிலிருந்து திரும்பவில்லை. நாற்பது வருடம் கழித்து பார்பியை பொலிவியாவிலிருந்து கொண்டுவந்தபோது நீதி அமைச்சர் யார்? இவர். 1987-ல் பார்பிக்குக் கிடைத்தது ஆயுள், அதற்கு மேல் போகவே முடியாது, போக முடியாமல் செய்ததும் இவர்தான். பதவிக்கு வந்து மாறுகிறவர் மாறுவதற்கு இதைவிடக் காரணம் வேண்டுமா?

முதல் வருட மாணவன்:
அப்பா விஷயம் தெரியாது. திங்கட்கிழமை சாரிடம் ஒப்புக்கொள்கிறேன், ஆனால் "எந்த" என்ற சொல்லை மட்டும்தான் வாபஸ் வாங்குவேன்.

புதுவைவாசி:
வாங்கு வாங்கு. ஒன்று சொல்ல விட்டுப்போச்சு. பாரிசில் என் சித்தியை ரோடு கடக்கும்போது கார் தட்டிவிட்டது, தப்பு அவங்க மேல்தான், சிக்னல் பார்க்கவில்லை. இன்சூரன்ஸ்காரர் "பதேந்தேர் சட்டம்" என்று சொல்லி இழப்பீட்டுக்கு ஃபார்ம் நீட்டினாராம். 1985-ல் வந்தது, நடந்து போகிறவர் கவனக்குறைவாக இருந்தாலும் காயத்துக்குப் பணம் உண்டு. கில்லட்டின் கதை எதுவும் சித்திக்குத் தெரியாது, பேர் மட்டும் நன்றாகத் தெரியும்.