சாட்டிலைட் எனர்ஜி கணக்கு, பிசிக்ஸ் தெரிஞ்சவங்க கொஞ்சம் வாங்க

மக்களே, பெங்களூர்ல செகண்ட் பியூசி (நம்ம பிளஸ் டூ) படிக்கிற அக்கா பொண்ணோட ப்ராஜெக்ட். 100 கிலோ சாட்டிலைட்ட ஸ்ரீஹரிகோட்டாலேர்ந்து கிழக்கு பாத்து ஏவி 500 கிமீ உயரத்துல சுத்த விடணும், எவ்ளோ எனர்ஜி? மேல தூக்க கிலோவுக்கு வெறும் 4.5 மெகாஜூல் தான் வருது, ஆனா செகண்டுக்கு 7.6 கிமீ ஸ்பீடு குடுக்க 29 மெகாஜூல், மொத்தமா கூட்டுனா 930 யூனிட் கரண்ட் சொச்சம், பெஸ்காம் (பெங்களூர் கரண்ட் கம்பெனி) பில்லுலயே அடங்கிரும் போல, அப்புறம் பிஎஸ்எல்வி எதுக்கு 300 டன்னு!

மண்டை காயுறது இங்க தான். பூமி சுத்துறதால ராக்கெட்டுக்கு நிக்கும்போதே 0.45 கிமீ ஸ்பீடு இருக்குல்ல, அத 7.6ல கழிச்சிட்டு ஸ்கொயர் பண்ணி பாதியாக்குனா கிலோவுக்கு 25.6 மெகாஜூல், தனித்தனியா ஸ்கொயர் பண்ணி கழிச்சு பாதியாக்குனா 28.9. எது சரி? ட்யூஷன் சார் ஒண்ணு சொல்றாரு, யூட்யூப் இன்னொண்ணு சொல்லுது.

அப்புறம் எரிபொருள் கணக்குக்கு காத்து உராய்வு, கிராவிட்டி லாஸ் (ஏறும்போது புவியீர்ப்ப எதிர்க்கவே வீணாகுற ஸ்பீடு) எல்லாம் சேத்து ராக்கெட் குடுக்க வேண்டிய மொத்த ஸ்பீடு செகண்டுக்கு 9.4 கிமீனு வச்சுக்கிட்டா ஓகேவா? ஃபார்முலா மட்டும் போடாதீங்க ப்ளீஸ், ஏன்னும் சொல்லுங்க, வைவால கேப்பாங்களாம். வெள்ளிக்கிழம சப்மிஷன்.