வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் மனமுவந்து ஆபீஸுக்கு வர என்ன செய்யலாம்?

கேள்வி (மாலைவெயில்):
எங்கள் நிறுவனத்தில் 45 பேர். சாஃப்ட்வேர் 22, வாடிக்கையாளர் உதவி 15, கணக்கு 8. எல்லோரும் வீட்டிலிருந்துதான் வேலை பார்க்கிறார்கள். இனி வாரம் மூன்று நாள் ஆபீஸ் என்று அறிவிக்க நிர்வாகம் யோசிக்கிறது. ஆபீஸில் இருப்பது 28 இருக்கைகள். கட்டாயப்படுத்தினால் நல்ல ஆட்கள் வேறு வேலை தேடிக்கொள்வார்கள் என்பது என் கவலை. இலவசச் சாப்பாடு, விளையாட்டு அறை என்றெல்லாம் சிலர் சொல்கிறார்கள். அவற்றால் பயன் உண்டா? வேறு எதைச் செய்தால் வருவார்கள்?

பதில் 1 (திட்டப்பலகை):
சாப்பாட்டுக்காக யாரும் வரமாட்டார்கள். அவர்கள் எதை இழக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். 27 நாடுகளில் எடுத்த ஓர் ஆய்வில், வீட்டிலிருந்து வேலை பார்ப்பவருக்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 72 நிமிடப் பயணம் மிச்சமாவது தெரிந்தது. அதில் ஏறக்குறைய 40 சதவீதத்தை அவர்கள் வேலைக்கே திருப்பித் தருகிறார்கள். வாரம் இரண்டு மூன்று நாள் வீட்டில் இருக்கும் வசதியைச் சம்பளத்தில் சுமார் 5 சதவீதத்துக்குச் சமமாக மக்கள் மதிப்பதும் அதே ஆய்வாளர்களின் கணக்கு. ஆகவே மூன்று நாள் வரச் சொல்வது, அவர்கள் பார்வையில் சம்பளக் குறைப்பு. அதை ஈடுகட்டுகிற ஏதோ ஒன்று ஆபீஸில் கிடைக்க வேண்டும்.

எல்லா இடத்திலும் கேட்கும் முதல் புகார் ஒன்றுதான்: "ஒரு மணி நேரம் பயணம் செய்து வந்து, ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு வீடியோ காலில்தான் உட்கார்ந்திருக்கிறேன்." இந்த நிலை மாறாதவரை வேறு எதுவும் எடுபடாது. ஒவ்வொரு டீமும் தன் இரண்டு வார வேலையை எடுத்து, நேரில் இருந்தால் சட்டென்று முடிவது எது, தனியாக இருந்தால் நன்றாக முடிவது எது என்று பிரித்து எழுதட்டும். புதியவருக்குப் பயிற்சி, வடிவமைப்பில் கருத்து மோதும் விஷயங்கள், காலாண்டுத் திட்டம், ஒருவரின் குறையை அவரிடம் எடுத்துச் சொல்வது ஆகியவை முதல் பக்கம் வரும். கோட் (மென்பொருள் நிரல்) எழுதுவது, கணக்குச் சரிபார்ப்பு எல்லாம் இரண்டாம் பக்கம். முதல் பக்கம் ஒரு நாளுக்குத்தான் நிரம்புகிறது என்றால் ஒரு நாள்தான் கேளுங்கள். மூன்று நாள் என்று முதலில் முடிவெடுத்துவிட்டு அதற்குக் காரணம் தேடினால் ஊழியர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

நாளைத் தனித்தனியாக அவரவர் விருப்பத்துக்கு விடாதீர்கள். டீம் முழுக்க ஒரே நாளில் வர வேண்டும், டீம் லீடரும் சேர்த்து. அன்று 11 முதல் 4 வரை வீடியோ மீட்டிங் வைப்பதில்லை என்று காலண்டரிலேயே அடைத்துவிடுங்கள். காலை நெரிசல் தணிந்த பிறகு வந்து மாலை நெரிசலுக்கு முன் கிளம்ப அனுமதித்தாலே பாதி முணுமுணுப்பு அடங்கும்.

பதில் 2 (இருக்கைக்கணக்கு):
நிர்வாகம் 28 இருக்கையை வைத்து ஒரு கணக்குப் போட்டிருக்கும், அதில்தான் சிக்கல். 45 பேர் மூன்று நாள் வந்தால் வாரத்துக்கு 135 இருக்கை வேண்டும். உங்களிடம் 28 × 5 = 140. காகிதத்தில் சரி. நடப்பில் எல்லோரும் செவ்வாய், புதன், வியாழனைத்தான் எடுப்பார்கள். அந்த மூன்று நாளும் 17 பேருக்கு இடமிருக்காது. வந்த முதல் வாரமே இடம் தேடி அலைந்தவர் இரண்டாம் வாரம் வரமாட்டார். சராசரியை விட்டுவிட்டு, கூட்டம் மிகுந்த நாளை வைத்துக் கணக்கிடுங்கள்.

இரண்டு நாள் என்றால் வசதியாக அமையும். செவ்வாய், வியாழன் சாஃப்ட்வேர் 22 பேர். திங்கள், புதன் உதவியும் கணக்கும் சேர்ந்து 23 பேர். வெள்ளி காலி. இப்படிப் பிரித்தால் இரண்டு பக்கமும் சந்திக்கவே சந்திக்காது. அதனால் செவ்வாய்தோறும் உதவிப் பிரிவிலிருந்து நான்கு பேர் முறை வைத்து வரட்டும், 26 இருக்கை நிரம்பும், இரண்டு கையிருப்பு. அவர்களுக்கு அது மூன்றாவது நாளாகிவிடக் கூடாது. அந்த வாரம் திங்களை விட்டுக்கொடுங்கள்.

அடுத்தது சத்தம். திறந்தவெளி ஆபீஸ் என்றால் பேச்சு கூடும் என்று நம்புகிறார்கள். 2018இல் வெளியான ஒரு ஹார்வர்ட் ஆய்வு, தடுப்புகளை எடுத்த பிறகு நேருக்கு நேர் பேசுவது 70 சதவீத அளவுக்குக் குறைந்ததைக் காட்டியது. ஆட்கள் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு மின்னஞ்சலுக்குப் போய்விட்டார்கள். உதவிப் பிரிவின் அழைப்புகளைக் கதவுள்ள தனி அறைக்கு மாற்றுங்கள். போன் பேச, ஒரு நாளில் வரும் எட்டுப் பேருக்கு ஒரு சிறு அறை என்று வைத்தால் உங்களுக்கு மூன்று போதும்.

காற்றையும் பாருங்கள், இதை யாரும் கவனிப்பதில்லை. ஸ்ப்ளிட் ஏசி அறைக்குள் இருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கிறது, புதுக் காற்றைக் கொண்டுவருவதில்லை. சிறிய மீட்டிங் அறையில் ஆறு பேர் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தால் கரியமில வாயு சீக்கிரமே 1000 பிபிஎம்மைத் (காற்றின் பத்து லட்சம் பங்கில் ஆயிரம்) தாண்டும். மதிய மீட்டிங்கில் தலை கனக்கிறது, தூக்கம் வருகிறது என்பார்கள். என்டிஐஆர் சென்சார் (அகச்சிவப்பு ஒளியால் கரியமில வாயுவை அளப்பது) உள்ள மீட்டர் ஒன்றை உட்கார்ந்தவர் தலை உயரத்தில், யார் மூச்சும் நேரே படாத இடத்தில் வைத்து ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். 1000க்கு மேல் போனால் வெளிக்காற்று வரும் வழி வேண்டும்.

மேஜையில் வீட்டில் இருப்பதைவிட மட்டமான மானிட்டர் இருக்கவே கூடாது. ஒரே கேபிளைச் செருகினால் எல்லாம் ஓட வேண்டும். டாக் (லேப்டாப்பை மானிட்டர், கீபோர்டுடன் ஒரே கேபிளில் இணைக்கும் பெட்டி) வாங்கும்முன் உங்களிடம் உள்ள ஒவ்வொரு லேப்டாப் மாடலிலும் சோதியுங்கள். சில லேப்டாப்புகள் வெளியே ஒரு மானிட்டரை மட்டுமே இயக்கும்.

பதில் 3 (பணிவிதி):
அனுபவசாலிகள் வர மறுப்பதற்குச் சரியான காரணம் உண்டு. ஒரே கட்டடத்தில் உட்காரும் சாஃப்ட்வேர் பொறியாளர்களுக்குக் கோட் மீது கூடுதல் கருத்து கிடைப்பதும், இளையவர்களே அதிகம் கற்பதும் ஆய்வில் தெரிந்திருக்கிறது. சொல்லிக்கொடுக்கும் மூத்தவர்களின் சொந்த உற்பத்தி அப்போது குறைகிறது. அப்படியிருக்க, முடித்த வேலையை மட்டும் எண்ணி மதிப்பெண் போட்டால் அவர் ஏன் வருவார்? சொல்லிக்கொடுப்பதை அவருடைய ஆண்டு மதிப்பீட்டில் எழுத்தில் சேருங்கள். இதைச் செய்யாவிட்டால் இளையவர்கள் வந்து உட்கார்ந்திருப்பார்கள், கற்றுத்தர ஆள் இருக்காது.

அறிவிப்புக்கும் முதல் நாளுக்கும் இடையே 8 முதல் 12 வாரம் விடுங்கள். குழந்தையைப் பார்த்துக்கொள்ளவும் பயணத்துக்கும் ஏற்பாடு செய்ய அது தேவை. நியமனக் கடிதத்தில் பணியிடம் என்ன என்று எழுதியிருக்கிறது என்பதை ஒவ்வொருவருக்கும் பார்த்தாக வேண்டும். தூரத்தில் இருப்பவர் என்று தெரிந்தே எடுத்தவரை இந்த விதிக்குள் இழுக்காதீர்கள். உடல்நிலை, மாற்றுத்திறன், வீட்டில் நோயாளி போன்ற விலக்குகளை மேலாளர் ஒருவர் மட்டும் முடிவுசெய்யக் கூடாது. இருவர் பார்த்து, பத்து வேலை நாளுக்குள் எழுத்தில் பதில் தரட்டும்.

வாசலில் வருகைக் கார்டு தேய்த்த எண்ணிக்கையை அளவுகோலாக்காதீர்கள். தேய்த்துவிட்டுக் காபி குடித்துத் திரும்புவார்கள். புதியவர் முதல் வேலையைத் தனியாக முடிக்க எத்தனை நாள், கோட் ரிவ்யூவுக்கு (எழுதிய கோடை இன்னொருவர் சரிபார்ப்பது) காத்திருக்கும் நேரம், ராஜினாமா ஆகிய மூன்றையும் தொடங்கும்முன்னும் பின்னும் எடுங்கள்.

நிர்வாகத்திடம் காட்ட ஒன்று: சீனாவின் பயணப் பதிவு நிறுவனமான டிரிப்.காம் 1600க்கும் மேற்பட்டவர்களை வைத்துச் சோதித்தது, 2024இல் நேச்சர் இதழில் வந்தது. வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை பார்த்தவர்களில் ராஜினாமா மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. பணி மதிப்பீட்டிலும் பதவி உயர்விலும் வித்தியாசம் இல்லை.

மாலைவெயில்:
நன்றி. உதவிப் பிரிவினர் "எங்கள் வேலை முழுக்கப் போனில்தான், நாங்கள் எதற்கு?" என்கிறார்கள். அவர்களை என்ன செய்வது?

பதில் 4 (திட்டப்பலகை):
அவர்கள் கேட்பது நியாயம். பணிவிதி சொன்ன அதே டிரிப்.காம், சிட்ரிப் என்ற பெயரில் இருந்தபோது, 2010இல் கால் சென்டரில் ஒன்பது மாதச் சோதனை தொடங்கியது. வீட்டிலிருந்தவர்களின் வேலை 13 சதவீதம் கூடியது. இடைவேளையும் விடுப்பும் குறைந்து கூடுதல் நிமிடம் வேலை பார்த்ததே அதில் பெரும்பங்கு. ஆனால் அவர்கள் தாங்களே விருப்பம் தெரிவித்தவர்கள், நிறுவனத்தில் ஆறு மாதமாவது இருந்தவர்கள், வீட்டில் தனி அறை உள்ளவர்கள். சோதனை முடிந்து, எங்கே வேண்டுமோ தேர்ந்துகொள்ளுங்கள் என்றதும் பாதிக்கு மேல் இடம் மாறினார்கள், பலன் 22 சதவீதமாக ஏறியது. வேலைத்திறனுக்கு ஏற்ற பதவி உயர்வு மட்டும் வீட்டில் இருந்தவர்களுக்குக் குறைந்தது.

ஆகவே உதவிப் பிரிவுக்கு நாள் கணக்கு வேண்டாம். புதிதாகச் சேர்பவர் முதல் ஆறு வாரம் ஆபீஸில், அவர் பக்கத்தில் பழகிய ஒருவர் முறைவைத்து. மற்றவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வீடா ஆபீஸா என்று தாங்களே எழுதிக்கொடுக்கட்டும். பதவி உயர்வுப் பட்டியல் போடும்போது வீட்டில் இருப்பவர்கள் பெயரைத் தனியாக ஒருமுறை ஓட்டிப்பாருங்கள், கண்ணில் படாததால் விட்டுப்போனவர் யாரும் இருக்கிறாரா என்று.