மரபணுச் சான்று 'வெறும் தியரி'தானா?

கதிர்:
2012இல் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில், கார் நிறுத்துமிடத்துக்கு அடியில் கிடைத்த எலும்புக்கூடு பதினைந்தாம் நூற்றாண்டு இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ரிச்சர்டுடையது என்று மரபணுவை வைத்துச் சொன்னார்கள் அல்லவா? என் மைத்துனர் 'அதெல்லாம் வெறும் தியரி' என்று ஒரே அடியாக அடிக்கிறார். என்ன பதில் சொல்வது?

உயிரியல் டீச்சர்:
தம்பி, முப்பது வருடம் வகுப்பில் நான் மல்லுக்கட்டிய சொல் இது. அறிவியலில் தியரி என்றால் ஊகம் இல்லை. பலமுறை சோதித்தும் நிலைத்து நிற்கும் விளக்கம். மரபு எப்படிக் கடத்தப்படுகிறது என்பது அந்த வகை. 'இது ரிச்சர்டின் எலும்பு' என்பது கருதுகோள். அதைத்தான் சோதித்தார்கள். மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. தாய்வழியாக வருவது. ரிச்சர்டின் அக்கா ஆனின் பெண்வழியில் வந்த, நம் காலத்து ஆட்கள் இருவரோடு ஒப்பிட்டார்கள். ஒருவருடையது அப்படியே பொருந்தியது. மற்றவருடையதில் ஒரே ஒரு எழுத்து, அதாவது டி.என்.ஏ.வின் ஓர் அலகு, வித்தியாசம். பதினாறாயிரத்துச் சொச்சம் எழுத்துகளில், ஐந்நூறு வருடம் கழித்து! எனக்கு இன்னும் சிலிர்க்கிறது.

நெய்தல்:
அப்பாவிடமிருந்து மகனுக்கு வரும் ஒய் குரோமோசோம், ஆண்வழி உறவினர்களோடு பொருந்தவில்லையே, டீச்சர்?

உயிரியல் டீச்சர்:
ஆமாம், பொருந்தவில்லை. 2014 ஆய்வுக் கட்டுரையில் அதை மறைக்காமல் எழுதினார்கள். ஆவணத்தில் அப்பா என்று இருப்பவர் ஏதோ ஒரு தலைமுறையில் பெற்ற அப்பா இல்லை. அந்த வாய்ப்பையும் கணக்கில் சேர்த்து, வளைந்த முதுகெலும்பு, வயது, ரேடியோகார்பன் காலக்கணிப்பு எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தபோதும், அது ரிச்சர்டின் எலும்புதான் என்பதற்கான வாய்ப்பு 99.999 சதவீதம் வந்தது.

கதிர்:
சரி டீச்சர், இதை அப்படியே அவருக்கு அனுப்புகிறேன். நன்றி.