அப்பாச்சி ஓடும் அதே மெஷினில் கிட் சர்வரும் வைக்கலாமா?

மின்ட்_மணிக்கூண்டு:
அண்ணன்மார்களே, பழைய வண்ணாரப்பேட்டையில் சின்ன ஆபீஸ் எங்களுடையது. நான்கு பேர் சேர்ந்து எம்.சி. ரோடு துணிக்கடைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் எழுதித் தருகிறோம். கோட் எல்லாம் இன்றுவரை பென்டிரைவிலும் ஜிப் ஃபைலிலும்தான் கிடக்கிறது. "ஜிஎஸ்டி திருத்தினது புதுசு கடைசி" என்று ஒரு ஃபோல்டர், அதற்குப் பக்கத்திலேயே "உண்மையிலேயே கடைசி" என்று இன்னொன்று.

ஆபீஸில் பழைய டெஸ்க்டாப் ஒன்று சர்வராக ஓடுகிறது. உபுண்டு, 4 ஜிபி ராம், ஸ்டாடிக் ஐபி. கம்பெனி வெப்சைட்டும், கடைக்காரர்கள் தினசரி விற்பனை பார்க்கிற பக்கமும் அதில் அப்பாச்சி என்கிற வெப் சர்வரில்தான் இருக்கின்றன. கோடின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கிற கிட்டுக்கு மாறலாம் என்று, அதை பிரவுசரில் காட்டுகிற கிட்லேப்பை அதே மெஷினில் போட்டோம். சாயங்காலம் கரண்ட் போய் வந்ததும், வெப்சைட் வர வேண்டிய இடத்தில் கிட்லேப் வந்து உட்கார்ந்துவிட்டது. அப்பாச்சி "அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்" என்று சொல்லிவிட்டு எழவே இல்லை. கடைக்காரர் ஒருவர் போன் போட்டு "என்னப்பா, கணக்கு கேட்டா ஏதோ நரி மூஞ்சி வருது" என்கிறார்.

இன்னொரு மெஷின் வாங்காமல் இரண்டையும் ஒன்றாக ஓட்ட முடியுமா? எங்களில் இரண்டு பேர் திருவொற்றியூர், மணலி வீடுகளிலிருந்து கோடை சர்வருக்கு ஏற்ற, அதாவது புஷ் பண்ண வேண்டும். கிட்ஹப்பில் வைக்கச் சொல்லாதீர்கள், கோட் வெளியே போகக்கூடாது என்பதில் முதலாளி கறாராக இருக்கிறார்.

காசிமேட்டு_கர்னல்:
தாராளமாக முடியும் தம்பி. கிட்லேப் தன் கூடவே என்ஜின்எக்ஸ் என்கிற இன்னொரு வெப் சர்வரையும் கூட்டிக்கொண்டு வரும், அதுவும் வெப்சைட்டுகளுக்கான வாசல்களான 80, 443 போர்ட்டுகளைத்தான் கேட்கும். ஒரு போர்ட்டில் ஒருவர்தான் உட்கார முடியும் என்பதால், பூட் ஆகும்போது யார் முந்துகிறாரோ அவருக்கே இடம். உங்களுக்கு நடந்தது அதுதான்.

நம்ம பக்கத்து ஸ்டோர் வீடு மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள், தெருவாசல் ஒன்றுதான், உள்ளே எத்தனை குடித்தனம் வேண்டுமானாலும் இருக்கலாம். அப்பாச்சி வாசலிலேயே இருக்கட்டும். கிட் சர்வர் உள்ளே 127.0.0.1இல் (அந்த மெஷினுக்குள் மட்டும் எட்டும் முகவரி) வேறு போர்ட்டில் ஓடட்டும். கிட் என்று ஒரு சப்டொமைன் எடுத்து அதே ஐபிக்குத் திருப்பி, அப்பாச்சியில் அந்தப் பெயருக்கென்று ஒரு தனிப் பகுதி, அதாவது விர்ச்சுவல் ஹோஸ்ட் எழுதி, வருகிறதை எல்லாம் உள்ளே தள்ளிவிட்டால் போதும். வெப்சைட்டின் கான்ஃபிக்கைத் தொடவே வேண்டாம்.

கிட்லேப்பையும் இப்படி வைக்கலாம். கிட்லேப் டாட் ஆர்பி என்கிற செட்டிங் ஃபைலில் அதன் என்ஜின்எக்ஸை நிறுத்திவிட்டு, அதற்குப் பின்னால் நிற்கிற வொர்க்ஹார்ஸ் என்கிற நிரலை ஒரு டிசிபி போர்ட்டில் கேட்க வைக்க வேண்டும். ஆனால் வேண்டாம் என்பேன். போஸ்ட்கிரஸ், ரெடிஸ், சைட்கிக், பூமா, கிட்டலி என்று ஒரு படையே ஏறும், 4 ஜிபியில் அது மூச்சு வாங்கும், கூடவே உங்கள் பில்லிங் பக்கமும் திணறும். நான்கு பேருக்கு ஃபோர்ஜெயோ என்கிற சின்ன கிட் சர்வர் போதும். 2016இல் காக்ஸ் என்கிற கிட் சர்வரிலிருந்து கிட்டீ பிரிந்தது, 2022இல் கிட்டீயிலிருந்து ஃபோர்ஜெயோ பிரிந்தது. கோ மொழியில் எழுதியது, ஒரே பைனரி, டேட்டாபேஸுக்கு எஸ்க்யூலைட்டே போதும், வழக்கமாக 3000ஆம் போர்ட்டில் ஓடும். அதன் செட்டிங் ஃபைலான ஆப் டாட் ஐஎன்ஐயில் எச்டிடிபி அட்ரஸை 127.0.0.1 என்று வையுங்கள், இல்லாவிட்டால் அந்த 3000 வெளியே திறந்து கிடக்கும். ரூட் யூஆர்எல்லில் எச்டிடிபிஎஸ் சேர்த்து முழு சப்டொமைனையும் எழுதுங்கள்.

அப்பாச்சியில் ப்ராக்ஸி, ப்ராக்ஸி எச்டிடிபி, ஹெடர்ஸ் மாட்யூல்களை ஆன் செய்துவிட்டு, விர்ச்சுவல் ஹோஸ்டில் ப்ராக்ஸி ப்ரிசர்வ் ஹோஸ்டையும் ஆன் செய்யுங்கள். எச்டிடிபிஎஸ்ஸுக்கான சர்டிஃபிகேட்டை வாங்கித் தர செர்ட்பாட் என்கிற நிரல் இருக்கிறது. லெட்ஸ் என்க்ரிப்ட் சர்டிஃபிகேட் 90 நாள்தான் என்பதால் தானாகப் புதுப்பிக்கிற டைமர் ஓடுகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வெறும்_டெர்மினல்:
இவ்வளவு எதற்கு? மெஷினில் எஸ்எஸ்எச் (தூரத்திலிருந்து பாதுகாப்பாக லாகின் ஆகும் வழி) இருக்கிறது இல்லையா, "கிட் இனிட்" கூட "பேர்" (bare) போட்டு ஒரு ரெப்போ, அதாவது கோட் கிடங்கு திறந்து, நான்கு பேரின் எஸ்எஸ்எச் கீயையும் ஏற்றினால் முடிந்தது. போர்ட் சண்டையே கிடையாது.

காசிமேட்டு_கர்னல்:
ஓடும், மறுக்கவில்லை. ஆனால் ஜிப் ஃபைலில் வாழ்ந்தவர்களுக்கு யார் எதை மாற்றினார்கள் என்று பிரவுசரில் பச்சையும் சிவப்புமாகத் தெரிந்தால்தான் பழக்கம் மாறும். பேர் ரெப்போ கொடுத்தால் அடுத்த வாரமே பென்டிரைவுக்குப் போய்விடுவார்கள்.

ராயபுரம்_ரூட்:
கர்னல் சொன்னது சரி, இரண்டு விஷயம் சேர்க்கிறேன். ஆப் டாட் ஐஎன்ஐயில் "டிஸேபிள் ரெஜிஸ்ட்ரேஷன்" ட்ரூ, "ரிக்வயர் சைன்இன் வியூ" ட்ரூ. முதலாவது இல்லாவிட்டால் ஸ்பேம் கணக்குகள் குவியும். இரண்டாவது இல்லாமல் ஏதாவது ஒரு ரெப்போ பப்ளிக்காக இருந்துவிட்டால், ஏஐ கம்பெனிகளின் க்ராலர்கள் (பக்கங்களைத் தானாக அள்ளுகிற நிரல்கள்) ஒவ்வொரு கமிட், ஒவ்வொரு டிஃப், ஒவ்வொரு பிளேம் பக்கமாக மேய ஆரம்பிக்கும். பழைய டெஸ்க்டாப் தாங்காது, பில்லிங் பக்கமும் சேர்ந்து படுத்துவிடும்.

அப்புறம் பேக்கப். ஃபோர்ஜெயோவிலேயே டம்ப் கட்டளை இருக்கிறது, ரெப்போ, டேட்டாபேஸ், செட்டிங் எல்லாம் ஒரே ஃபைலாக வரும். அதை அதே டிஸ்கில் வைத்தால் பேக்கப் என்று சொல்லாதீர்கள். 2023 டிசம்பர் மிக்ஜாமில் வடசென்னையில் எத்தனை தரைத்தள ஆபீஸில் தண்ணீர் நின்றது என்று நமக்குத் தெரியாததா? சிபியு தரையில் இருந்தால் முதலில் மேஜைமேல் ஏற்றுங்கள், டம்பை வேறு ஊரில் உள்ள மெஷினுக்கு அனுப்புங்கள்.

மின்ட்_மணிக்கூண்டு:
நன்றி அண்ணா. கிட்லேப்பைத் தூக்கிவிட்டு ஃபோர்ஜெயோ போட்டாயிற்று, வெப்சைட்டும் கிட்டும் சேர்ந்தே ஓடுகின்றன, ரீபூட் செய்தும் பார்த்தோம். இரண்டு சிக்கல் பாக்கி. பேக்கேஜின் பெயரில் சாய்கோடு இருந்தால், அதாவது "பில்/ரசீது" மாதிரி வைத்தால், பேக்கேஜ் பகுதியில் சில லிங்க் மட்டும் 404 (பக்கம் இல்லை) என்கிறது. இன்னொன்று, எஸ்எஸ்எச் வழியாக புஷ் பண்ணினால் "பர்மிஷன் டினைட்". கீயை ஃபோர்ஜெயோ பக்கத்தில் சரியாகத்தான் ஏற்றியிருக்கிறோம், எனக்கு சர்வரில் சாதாரணமாக லாகின் ஆகிறது.

காசிமேட்டு_கர்னல்:
404க்குக் காரணம் அப்பாச்சி. யூஆர்எல்லில் குறியீடாக வருகிற சாய்கோட்டை அது வழக்கமாக ஏற்காது. "அலோ என்கோடட் ஸ்லாஷஸ்" என்பதை "நோ டிகோட்" ஆக்கி, ப்ராக்ஸி பாஸ் வரியின் கடைசியில் "நோகேனன்" சேருங்கள். இரண்டும் சேர்ந்து இருக்க வேண்டும்.

எஸ்எஸ்எச்சுக்கு, லாகின் முயற்சிகள் பதிவாகிற ஆத் டாட் லாகைத் திறந்து பாருங்கள். கிட் என்கிற யூசர் "அலோ யூசர்ஸ்" (லாகின் ஆக அனுமதி உள்ளவர்கள்) பட்டியலில் இல்லை என்று ஒரு வரி இருக்கிறதா?

மின்ட்_மணிக்கூண்டு:
நோகேனன் போட்டதும் லிங்க் எல்லாம் திறக்கிறது. லாகிலும் நீங்கள் சொன்ன அதே வரி இருக்கிறது அண்ணா! சர்வரை முதலில் அமைத்தவர் அந்தப் பட்டியலில் என் பெயரை மட்டும் எழுதி வைத்திருக்கிறார்.

காசிமேட்டு_கர்னல்:
எஸ்எஸ்எச் கான்ஃபிக்கில் உள்ள அந்த "அலோ யூசர்ஸ்" வரியில் ஒரு ஸ்பேஸ் விட்டு கிட் யூசரையும் சேருங்கள். எஸ்எஸ்எச்சை ரீலோட் செய்வதற்கு முன்னால் "எஸ்எஸ்எச்டி மைனஸ் டி" ஓட்டி எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பாருங்கள், இன்னொரு டெர்மினலில் ஏற்கெனவே லாகின் ஆகியும் இருங்கள். ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் பூட்டியிருக்கும்போது வீட்டிலிருந்து இந்த வேலையைச் செய்ய வேண்டாம்.