விஞ்ஞானி அளப்பதோடு நின்றுவிட வேண்டுமா?

பூம்பாறைக்காரன்:
அண்ணன் மகள் வளிமண்டல ஆய்வில் சேரப்போகிறாள். "ஆராய்ச்சியோடு நிறுத்திக்கொள், அரசாங்கத்துக்கு யோசனை சொல்லும் வேலையெல்லாம் வேண்டாம்" என்கிறார்கள் வீட்டில். எனக்கு மனசு ஒப்பவில்லை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த வளிமண்டல விஞ்ஞானி வீரபத்ரன் ராமநாதன், முதலில் குளிர்பதனப் பெட்டி கம்பெனியில் வாயு கசிவைத் தடுக்கப் பாடுபட்டவர். குளோரோஃபுளோரோகார்பன் என்ற அந்த வகை வாயு, மூலக்கூறுக்கு மூலக்கூறு கரியமில வாயுவைவிடப் பத்தாயிரம் மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடிக்கும் என்று 1975இல் காட்டியதும் அவர்தான். காட்டிவிட்டுச் சும்மா இருந்திருக்க வேண்டுமா?

நாயுடுபுரம் வாத்தியார்:
காட்டினாரே, அது போதும் தம்பி. சூரியனை ஆராயும் நம்ம கொடைக்கானல் அப்சர்வேட்டரியை எடுத்துக்கொள்ளுங்கள். சூரியன் மேல் தெரியும் கரும்புள்ளியிலிருந்து வாயு வெளிப்பக்கமாக ஓடுவதை விஞ்ஞானி எவர்ஷெட் கண்டது 1909இல், இங்கேதான். 1957இலேயே கொடைக்கானலில் ஓசோன் அளக்கத் தொடங்கிவிட்டார்கள். மேகம் விலகட்டும் என்று காத்திருந்து அளவெடுத்தவர்கள் பெயர் ஊரில் பலருக்குத் தெரியாது. எனக்கு அவர்கள்தான் விஞ்ஞானிகள்.

அரசியல் பக்கம் போனால் என்ன ஆகும்? 1999இல் ராமநாதன் குழு இந்தியப் பெருங்கடல் மேல் பழுப்புப் புகைமண்டலத்தை அளந்தது. 2002இல் ஐ.நா. அறிக்கை அதை 'ஆசியப் பழுப்பு மேகம்' என்றதும் இந்தியாவில் எதிர்ப்பு கிளம்பியது. அளவை யார் பேசினார்கள்? பெயருக்குத்தான் சண்டை.

பூம்பாறைக்காரன்:
சண்டை வந்தது உண்மைதான் சார். 'ஆசிய'வை எடுத்துவிட்டு 'வளிமண்டல' என்று போட்டார்கள். புகை குறைந்ததா? எங்கள் வீட்டு அடுப்படிக்கு வந்து பாருங்கள். அடுப்புக்கு மேலே பரணில் பூண்டுக் கட்டு தொங்கும், புகை பட்டால்தான் கெடாது. அந்தப் புகையிலேயே அம்மா நாற்பது வருடம் சமைத்தார். இன்றும் விடியற்காலையில் அவர் இருமல்தான் எங்களை எழுப்புகிறது. ராமநாதனும் தன் பாட்டியின் விறகடுப்பைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். கிராமங்களுக்குப் புகையில்லா அடுப்பு கொண்டுபோக 'சூர்யா' திட்டத்தில் இறங்கினார். அது ஆராய்ச்சி இல்லையா?

குறிஞ்சி:
குளோரோஃபுளோரோகார்பன் ஓசோனை அழிக்கும் என்று வேதியியல் விஞ்ஞானிகள் ரோலண்டும் மொலினாவும் 1974இல் எழுதினார்கள். எழுதியதோடு விடாமல் தடை கேட்டார்கள், கம்பெனிகள் பாய்ந்தன. அந்த வாயுக்களைக் கட்டுப்படுத்தும் மான்ட்ரியல் ஒப்பந்தம் 1987இல்தான் வந்தது. கேட்டே 13 வருடம் ஆனது ஐயா, கேட்காமலே இருந்திருந்தால்?

நாயுடுபுரம் வாத்தியார்:
கேட்டவர்கள் கையில் கணக்கு இருந்ததம்மா. என் பயமே அங்கேதான். கணக்கு வருவதற்கு முன்பே இன்றைய பிள்ளைகள் மைக்கைப் பிடிக்கிறார்கள். அவள் முதலில் பத்து வருடம் அளக்கட்டும்.

பூம்பாறைக்காரன்:
அளக்கட்டும் சார், அதை நான் தடுக்கவில்லை. ஆனால் முதல் அளவை எங்கள் அடுப்படியில் எடுக்கச் சொல்லப்போகிறேன். அதைப் பஞ்சாயத்தில் வாசிக்க நானே கூட்டிப்போவேன்.